எண்ணாத எண்ணி

சீடன்: சார், சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸருக்கு 2021-இல் க்யூஎமு என்னும் எமுலேட்டரில் ஒரு மாதிரி சேர்த்தார்களே, சிப் இல்லாமலே இங்கே குழித்துறையில் என் லேப்டாப்பில் ஓடுகிறது. அதன் டைமர் நிரலைத் திறந்தேன். நொடிக்கு 1 கோடி எண்ண வேண்டும். எண்ணுகிற வரி ஒன்றுகூட இல்லை! கேட்டால் மட்டும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. பொய்யை எப்படி ரிவ்யூ செய்வது?

குரு: மார்த்தாண்டத்தில் வட்டிக்குக் கொடுத்தவர் நிமிடத்துக்கு நிமிடம் வட்டியைக் கூட்டி எழுதுகிறாரா, மக்களே? கடன் வாங்கியவர் வந்து நின்றதும், கொடுத்த தேதியிலிருந்து கணக்குப் பார்க்கிறார். அதுவரை வட்டி ஓடவில்லை என்பாயா?

சீடன்: ஆனால் நிஜச் சிப்பில் எண்ணி நிஜமாகவே துடிக்கிறதே, சார்.

குரு: அந்தத் துடிப்பு உள்ளே ஓடும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இரண்டே வழி. எண்ணிக்கையைக் காட்டும் எம்டைம் பதிவேட்டைப் படிக்கலாம். எம்டைம்கம்ப்பில் எழுதிய கெடு வந்ததும் இன்டரப்ட் வரும். இந்த இரண்டும் பிசகாவிட்டால் நடுவில் துடித்ததா என்று கேட்க ஆளே இல்லை. ஆகவே ரிவ்யூ செய்பவர் தேட வேண்டியது கணக்குத் தீர்க்கும் இடங்களை. வட்டி விகிதம் மாறினால் அன்றுவரை உள்ளதை முடித்து எழுதிய பிறகே புது விகிதம். வேகத்தை மாற்றிக்கொள்ளும் டைமர்களிலும் அப்படியே. பழைய எண்ணிக்கையை வரவு வைக்காத நிரல், கடந்த காலத்தையும் புது வேகத்தில் அளந்துவிடும். இயந்திரத்தை நிறுத்திவைத்த நேரத்துக்கு வட்டி கிடையாது. அதனால்தான் நேரத்தை மெய்நிகர் கடிகாரத்திலிருந்து எடுக்கிறார்கள். கெடுவை 32 பிட் துண்டுகளாக எழுதும்போது பாதிக் கெடு முந்திக்கொண்டு இன்டரப்டைக் கிளப்பலாம். நிஜச் சிப்பிலும் அப்படித்தான். அதைத் திருத்தப் போகாதே. அடுத்து பெருக்கல். நானோநொடியை 1 கோடியால் பெருக்கிவிட்டு 100 கோடியால் வகுத்தால், 1,844 நொடி தாண்டியதும் 64 பிட் நிரம்பி வழியும். வட்டிக்கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இடையில் கூடுதல் பிட் வைத்துப் பெருக்கி வகுக்க க்யூஎமுவில் தனிச் செயற்கூறே உண்டு.

சீடன்: டெஸ்ட் எல்லாம் பாஸாகிறதே?

குரு: டெஸ்ட் ஓடுவது 1 நிமிடம், பிழை வருவது 31-ஆவது நிமிடம்.

சீடன்: கூடுதல் பிட்டில் பெருக்கினால் வேகம் குறையுமே என்று...

குரு: முதலில் கணக்கு சரியாகட்டும். இன்னொன்று: கேட்க வருபவர் யோக்கியர் என்று நம்பாதே. பழைய பிசியின் 8254 டைமரில் எண்ணிகள் மூன்று. நான்காம் முகவரி எழுதுவதற்கு மட்டுமே. அதைப் படிக்க வந்தவரைத் தடுக்காத நிரல் 2015-இல் பாதுகாப்பு ஓட்டையாக அறிவிக்கப்பட்டது. எனவே படிக்கும் இடம், எழுதும் இடம், வேகம் மாறும் இடம், பெருக்கும் வரி: இந்த நான்கையும் பார்க்காமல் எந்த டைமர் நிரலுக்கும் ஒப்புதல் கொடுக்காதே.