இறகு எந்தப் பறவையுடையது?

உலகம் நித்தியமா அநித்தியமா, ஜீவனும் சரீரமும் ஒன்றா வேறா, மரணத்துக்குப் பின் ததாகதர் இருக்கிறாரா இல்லையா என்பவற்றுக்கெல்லாம் விடை தராவிட்டால் துறவறத்தையே துறந்துவிடுவதாக, சிராவஸ்தி நகரத்து ஜேதவனத்தில் மாலுங்கியபுத்தர் என்னும் பிக்கு முறையிட்டபோது, பகவான் புத்தர் சொன்ன உவமை மஜ்ஜிம நிகாயத்தின் 63-ஆம் சூத்திரத்தில் இருக்கிறது. விஷ அம்பு தைத்த ஒருவன், அதைப் பிடுங்க வந்த வைத்தியனைத் தடுத்து, எய்தவன் என்ன குலம், நாண் எதனால் ஆனது, அம்பில் கட்டிய இறகு கழுகுடையதா, கொக்குடையதா, பருந்துடையதா, மயிலுடையதா என்று தெரிந்தாலொழியப் பிடுங்க விடேன் என்று பிடிவாதம் செய்தால், அவை தெரியுமுன்பே அவன் மாண்டுபோவான் அல்லவா?

இதைப் பிரசங்கிப்பவர்கள் அந்தப் பிடிவாதக்காரனைப் பார்த்து நகைத்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கோ அவன் கேட்ட கேள்வியின் மேல் ஒரு பரிவு உண்டு. ஏனென்றால், சாகக் கிடப்பவன் வாயில் அபத்தமாக ஒலிக்கும் அதே கேள்வி, அம்பு செய்பவனுடைய பட்டறையில் முதற்கேள்வியாக வந்து நிற்கிறது.

இறகு உதிர்ந்த அம்புக்குப் புது இறகு கட்டப் புகுகிறவனைப் பாருங்கள். தண்டு கீறிப்போகாமல் பழைய பசையைச் சுரண்டியெடுத்த பின், எந்தச் சிறகின் இறகு என்று அவன் கேட்டே ஆகவேண்டும். இக்காலத்தில் பெரும்பாலும் வான்கோழி இறகுதான். இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவையாதலால், ஒரே அம்பில் இரண்டையும் கலந்து ஒட்டினால் ஒன்று சுழற்றும் திசைக்கு மற்றொன்று மாறுபட்டு அம்பின் கதி கெடும். அப்புறம் ஜிக் என்னும் கருவி. அது தண்டைப் பற்றிக்கொண்டு, ஓர் இறகு ஒட்டி உலர்ந்ததும் 120 பாகை திரும்பி அடுத்ததற்கு இடம் கொடுக்கும். இறகைக் கவ்வும் கிளாம்ப் நேரானதாகவோ, வலமுறுக்கு இடமுறுக்கு உடையதாகவோ இருக்கும். நேர்க் கிளாம்பையே சற்றுச் சாய்த்து வைப்பாரும் உளர். முறுக்கு மிகுந்தால் அம்பு விரைவாகச் சுழன்று நிலைபெறும், அகன்ற முனை பூட்டிய வேட்டை அம்புக்கு அது மிகவும் அவசியம். ஆனால் காற்றுத் தடை மிகுவதால் தொலைவில் வேகம் குன்றும். இறகு, வில்லின் மேல் உரசினாலும் மடங்கிக் கொடுத்துவிடும், ஆனால் மழையில் சோர்ந்துபோகும். பிளாஸ்டிக் தகட்டுக்கு மழைப் பயம் கிடையாது, உரசினாலோ அம்பைத் திசை தள்ளும்.

இங்கிலாந்தில் ரோஜர் ஆஷம் என்னும் பண்டிதர் 1545-ல் எட்டாம் ஹென்றிக்குச் சமர்ப்பித்த ‘டாக்ஸோஃபிலஸ்’ என்னும் நூலில், பெருவாத்தின் இறகே சிறந்தது என்று நிலைநாட்டியதோடு அமையாமல், அது கிழவாத்தா இளவாத்தா, ஆணா பெண்ணா என்பது வரையில் விசாரித்திருக்கிறார். ஜேதவனத்து உவமையை அவரிடம் சொல்லியிருந்தால், வைத்தியனைச் சற்றே காத்திருக்கச் சொல்லியிருப்பாரோ என்னவோ!

ஆனால் புத்தரே, தம்மபதத்தின் 33-ஆம் பாட்டிலும் 80-ஆம் பாட்டிலும், தன் மனத்தைத் தானே செம்மைப்படுத்தும் அறிஞனுக்கு அம்பு செய்பவனைத்தான் எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் அவதூதர் யது மன்னனுக்குச் சொன்ன இருபத்து நான்கு குருமார்களிலும் ஓர் அம்புக் கொல்லன் இருக்கிறான். அருகே அரசன் பவனி போனதையும் அறியாத ஏகாக்கிரதை அவனுடையது. ஆகவே ஒரு கேள்வி வீணானதா பயனுள்ளதா என்பது கேள்வியில் இல்லை, கேட்பவன் எங்கே நின்று கேட்கிறான் என்பதில் இருக்கிறது என்றே நான் கொள்கிறேன். அம்பு கைக்குள் இருப்பவனுக்கு இறகு விசாரணை ஸ்வதர்மம். அம்பு மார்புக்குள் இருப்பவனுக்கு அது மரணம்.

அப்படியானால் ஜிக் வந்தது அந்த ஏகாக்கிரதைக்குக் கேடல்லவா, கண்ணும் கையும் செய்த தவத்தை இரும்பு செய்துவிடுகிறதே என்று சிலர் கேட்கக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஜிக் செய்யும் உபகாரம் குற்றத்தை ஒழிப்பதன்று. குற்றம் இருந்தால் அதை எல்லா அம்புகளிலும் ஒன்றாக்குவது. பன்னிரண்டு அம்புகளும் ஒரே அளவு சாய்ந்திருந்தால், அவை குறி தவறினாலும் ஒரே பக்கம் சேர்ந்து தவறும். வில்லாளி குறியைச் சிறிது மாற்றிக்கொண்டு அவற்றை வசப்படுத்தலாம். அவற்றினிடையே மாசு மறுவற்ற ஒரே ஓர் அம்பு வந்து சேர்ந்தால், வழிதப்புவது அதுதான். ஆகவே வலமுறுக்கா இடமுறுக்கா என்பதைவிட, ஒன்றைத் தேர்ந்து அதில் நிலைப்பது பெரிது. ஜப்பானிய வில்வித்தையிலோ, ஹயா, ஒதோயா என்று எதிரெதிராகச் சுழலும் இரண்டு அம்புகளை ஜோடியாக ஏந்தி ஒன்றன்பின் ஒன்றாக எய்கிறார்கள். பறவையின் இரு சிறகுகளும் அங்கே உபயோகப்பட்டுவிடுகின்றன. அவர்களும்கூட ஒரே அம்பில் இரண்டையும் கலப்பதில்லை. இருப்பதிலேயே உத்தமமான முறுக்கைத் தேடி வாரந்தோறும் கிளாம்பை மாற்றுகிற வில்லாளி மட்டும், தானறியாமலே பட்டறையை விட்டு வெளியேறி, அந்தப் பிடிவாதக்காரன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

மாலுங்கியபுத்தர் என்ற பெயருடைய பிக்கு சம்யுத்த நிகாயத்திலும் வருகிறார். அங்கே அவர் முதியவர். உலகம் அந்தமுடையதா என்ற பேச்சே இல்லை; தனியே சென்று சாதனை செய்வதற்குச் சுருக்கமாக ஓர் உபதேசம் வேண்டும் என்று மட்டும் பகவானிடம் கேட்கிறார், இம்முறை விடையும் கிடைக்கிறது.