பாலில் தயிர் இருந்ததா?

1987ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி, அமெரிக்காவின் மோட்டார்த் தொழில் நகரமாகிய டெட்ராய்டில், டைகர்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் நிர்வாகத்தார், தங்களுடைய கீழ்நிலை அணியொன்றில் பயின்றுகொண்டிருந்த ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பந்து வீச்சாளரான இளைஞரை அட்லாண்டா நகரத்துப் பிரேவ்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அவருக்கு ஈடாக டாயில் அலெக்ஸாண்டர் என்ற 36 வயதுப் பந்து வீச்சாளரைப் பெற்றுக்கொண்டார்கள். இப்படி ஆட்டக்காரர்களைக் கைமாற்றிக்கொள்வதை அந்நாட்டார் 'ட்ரேட்' என்று வழங்குகிறார்கள். கொடுத்தது சரியா, தவறா என்று ரசிகர்கள் தொடங்கிய வாதம், அந்த இருவரும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் ஓயவில்லை. அதை விளையாட்டுப் பித்தர்களின் வீண் பேச்சென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் தத்துவ ஆசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்காக வாதித்த பிரச்னையொன்று அங்கே பந்தும் மட்டையும் ஏந்தி நிற்கிறதென்றே நான் கருதுகிறேன்.

அன்றைய நிலைமை இது. 1984இல் நாட்டின் சாம்பியனாக விளங்கிய டைகர்ஸ் அணி, மூன்று ஆண்டுகள் கழிந்து, முக்கிய வீரர்கள் முதிர்ந்துவரும் வேளையில், கனடாவின் டொராண்டோ அணியோடு முதலிடத்துக்குப் போராடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் விட்டால் இனி எந்த வருஷம் என்ற தவிப்பு நிர்வாகியான பில் லஜோய்க்கு இருந்திருக்கும். கொடுக்கப்பட்ட இளைஞரோ, அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக்கொள்ளும் 1985ஆம் ஆண்டுத் தேர்வில் 22ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 1987 பருவத்தில் கிளென்ஸ் ஃபால்ஸ் என்ற அந்தக் கீழ்நிலை அணிக்காக ஆடி 4 வெற்றியும் 10 தோல்வியும் கண்டவர்.

வந்த அலெக்ஸாண்டர் 11 ஆட்டங்களில் தொடக்க வீச்சாளராக இறங்கி, ஒரு தோல்வியுமின்றி 9 வெற்றிகளை ஈட்டினார். பருவத்தின் கடைசி மூன்று நாட்களில் டொராண்டோவை மூன்று முறையும் வென்று, மொத்தம் 98 வெற்றிகளோடு டெட்ராய்டு முதலிடம் பெற்றது. அடுத்து வந்த தொடரில் மின்னசோட்டா அணியிடம் தோற்றது. தோற்ற நான்கு ஆட்டங்களில் இரண்டு அலெக்ஸாண்டருடையவை. 1989இல் அவர் 18 தோல்விகளோடு ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு அணி 103 ஆட்டங்களில் தோற்றது. அப்புறம் 2006 வரையில் இறுதிச் சுற்றுகளின் வாசலை டெட்ராய்டு மிதிக்கவே இல்லை. ஸ்மோல்ட்ஸோ 213 வெற்றிகளைப் பெற்று, 154 ஆட்டங்களில் கடைசியில் வந்து பிறர் ஈட்டிய வெற்றியைக் காத்துக்கொடுத்து, 1996இல் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதும் 2015இல் புகழ்மண்டபத்தில் இடமும் பெற்றார்.

பலனைக் கொண்டே செயலை நிறுப்பதென்றால், தராசை எந்த நாளில் பிடிப்பது? 1987 அக்டோபர் முதல் வாரத்தில் பிடித்தால் லஜோய் மதியூகி. 1996இல் பிடித்தால் அவரே பேதை. ஒரே செயல் நாளுக்கு நாள் நிறம் மாறுமானால், குற்றம் செயலில் இல்லை, நிறுக்கும் முறையில்தான் இருக்கிறது. ஆக்கத்தை எண்ணி முதலை இழக்கும் தொழிலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி என்று யாரேனும் எடுத்துக்காட்டலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அன்றைக்கு அவர்கள் கையிலிருந்த முதல் எவ்வளவு என்பதல்லவா கேள்வி?

'ஸ்மோல்ட்ஸை விட்டுவிட்டோமே' என்று டெட்ராய்டு ரசிகர் வருந்தும்போது, பின்னாளைய 213 வெற்றிகளும் அந்த 20 வயது உடம்புக்குள் முன்பே அடங்கியிருந்தன என்று அவர் தம்மை அறியாமலே கொள்கிறார். இது சாங்கியருடைய சற்காரியவாதம்: எள்ளில் எண்ணெய்போல, பாலில் தயிர்போல, காரியம் காரணத்தில் முன்னமே உள்ளது, இல்லாதது தோன்றாது. நையாயிகர் இதை மறுத்து, குடம் மண்ணில் இருந்ததன்று, புதிதாகப் பிறந்ததே என்பர். நமது சைவ சித்தாந்திகள் சற்காரியத்துக்குச் சம்மதித்தாலும், மண்ணாகிய முதற்காரணம் மாத்திரம் போதாது, சக்கரமாகிய துணைக்காரணமும் குயவனாகிய நிமித்தகாரணமும் வேண்டும் என்பார்கள். ஸ்மோல்ட்ஸின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குச் சித்தாந்திகளின் கட்சியே வலுவாகத் தோன்றுகிறது. அவர் குழந்தைப் பருவத்தில் அக்கார்டியன் வாசித்துப் பழகியவர். அந்நாளில் அவரைக் கண்டோர், உள்ளே ஒரு சங்கீத வித்துவான் இருப்பதாகவே சொல்லியிருக்கக்கூடும்.

அட்லாண்டாவில் நடந்தது என்ன? 1988இல் ஸ்மோல்ட்ஸுக்கு 2 வெற்றி, 7 தோல்வி. அணிக்கோ 106 தோல்வி. எப்படியும் தோற்றுக்கொண்டிருந்த அணியாகையால், தோற்கும் இளைஞரைத் தூக்கியெறிய அங்கே ஒருவருக்கும் அவசரம் இல்லை. 1991இன் முதற்பாதியில் 2 வெற்றியும் 11 தோல்வியுமாக அவர் நிலைகுலைந்தபோதும், நிர்வாகியாக இருந்து அவரை வாங்கியவரும் அப்போது அணியை நடத்தியவருமான பாபி காக்ஸ் அவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கவில்லை. மனோதத்துவ நிபுணர் ஒருவரின் துணை கிடைத்தது. பிற்பாதியில் 12 வெற்றி, 2 தோல்வி. ஆண்டுதோறும் முதலிடத்துக்கு ஏங்கிய டெட்ராய்டில் இவ்வளவு பொறுமை கிடைத்திருக்குமா? கிடைத்திராது என்பதே என் அபிப்பிராயம். டெட்ராய்டு கொடுத்தது பால். உறைமோர் அட்லாண்டாவில் இருந்தது.

இதைச் சொல்லும்போதே என் மனம் உறுத்துகிறது. தயிர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் பாலை எவருக்கும் ஊற்றிவிடலாம் என்ற சமாதானமாக இந்த வாதம் திரிந்துவிடக் கூடாது. அதற்கும் மேலாக, மண்ணுக்கும் பாலுக்கும் நோவு இல்லை, இளைஞருக்கு உண்டு. மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து, லான்சிங்கில் வளர்ந்து, டைகர்ஸ் அணியையே தெய்வமாகக் கொண்டாடிய பிள்ளை அவர். கொடுக்கப்பட்ட செய்தி கேட்டு உள்ளம் உடைந்தார். அவருடைய சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை. லாபம் என்போரும் நஷ்டம் என்போரும் எழுதும் பேரேட்டில், வரவிலும் செலவிலும் அந்த நோவுக்கு ஒரு வரி இல்லையே என்பதுதான் இந்த விவாதத்தில் என்னை மிகவும் வருத்துவது.

1991 அக்டோபர் 27ஆம் தேதி இரவு, மின்னியாபொலிஸ் நகரில், சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் நடந்தது. அட்லாண்டாவுக்கு ஸ்மோல்ட்ஸ், எதிரில் மின்னசோட்டாவுக்கு ஜாக் மோரிஸ், டெட்ராய்டில் 14 பருவங்கள் ஆடியவர், ஸ்மோல்ட்ஸ் சிறுவனாக இருந்தபோது போற்றி வழிபட்ட அதே மோரிஸ். எட்டாவது இன்னிங்ஸில் விலகும் வரையில் ஸ்மோல்ட்ஸ் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. மோரிஸ் பத்து இன்னிங்ஸும் எறிந்து ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. பத்தாவது இன்னிங்ஸில், ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் மின்னசோட்டா வென்றது. மைதானத்தின் நடுவே பந்து எறிவதற்கென்று இருந்த அந்த ஒரே மண்மேட்டில் மாறி மாறி ஏறி நின்ற இருவருமே டெட்ராய்டு கண்டெடுத்தவர்கள்.