தனியே சுமக்காதிருங்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபை மேய்ப்பர்களே,



சபையார் வீட்டில் ஒருவர் வியாதிப்பட்டால் போதகரை அழைக்கிறார்கள். கணவன் மனைவிக்குள் சமாதானம் குலைந்தாலும், நள்ளிரவில் மரணம் நேர்ந்தாலும் முதலில் தேடப்படுகிறவர் போதகரே. ஆனால் அந்தப் போதகர் மனம் சோர்ந்துபோகும்போது யாருடைய கதவைத் தட்டுவார்? சோர்வை வெளியே சொன்னால் விசுவாசம் குறைந்தவர் என்று எண்ணிவிடுவார்களோ என அஞ்சி, ஞாயிறுதோறும் புன்னகையோடு பிரசங்க பீடம் ஏறுகிறவர்கள் நம் தேசமெங்கும் உண்டு. சொந்த ஊரையும் மொழியையும் விட்டு, தொலைதூர மாநிலங்களின் கிராமங்களில் சிறு சபைகளை நடத்துகிறவர்களுக்கு இந்தத் தனிமை இன்னும் கடினமானது. அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சூரைச்செடியின் கீழ்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கர்மேலில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்திருக்கிறார். இடையில் நடந்த ஒரு சிறு காரியத்தை நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம். பெயெர்செபாவில் தம் வேலைக்காரனை விட்டுவிட்டு, அவர் தனியே வனாந்தரத்துக்குள் போனார். துணையை விட்ட இடத்துக்கும் சாவை வேண்டிய இடத்துக்கும் ஒருநாள் பயணத் தூரமே இருந்தது.

தேவன் அவரைக் கடிந்துகொண்டு தொடங்கவில்லை. முதலில் தூக்கமும் அப்பமும் தண்ணீரும் தந்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிப் போஷித்தார். அதன்பின்னரே ஓரேபில் அவரோடு பேசினார். அங்கே எலியா, தாம் ஒருவரே மிஞ்சியிருப்பதாக இருமுறை முறையிட்டார். தேவன் தந்த பதிலில் பாகாலை வணங்காத 7,000 பேர் இருந்தார்கள். எலிசா என்னும் பெயரும் இருந்தது. எலியா எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை அந்த எலிசா அவரைவிட்டு விலகவில்லை. சோர்ந்துபோன ஊழியனுக்குத் தேவன் புதிய பணியை மட்டுமல்ல, ஒரு துணையையும் கொடுத்தார்.

எத்திரோ கண்டது

மோசேயும் இப்படித்தான். காலைமுதல் மாலைமட்டும் ஒருவராய் உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளை விசாரித்தார். அதை நேரில் கண்ட மாமனார் எத்திரோ பாராட்டவில்லை. அந்த முறை நல்லதல்ல என்று சொல்லிவிட்டார் (யாத்திராகமம் 18). மோசே மட்டுமல்ல, ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். எல்லாவற்றையும் தாமே செய்கிற போதகர், தம்மை அறியாமலே சபையையும் பெலவீனப்படுத்துகிறார். அவர் தளரும்போது ஆராதனையும் கணக்கும் வீடு சந்திப்பும் ஒன்றாய்த் தளருகின்றன.

ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை நியமிக்கும்படி எத்திரோ ஆலோசனை கூறினார். தேவபயமும் உண்மையும் உள்ளவர்களை, பொருளாசையை வெறுக்கிறவர்களைத் தெரிந்துகொள்ளச் சொன்னார். ஜெபமும் போதனையும் பெரிய வழக்குகளும் மோசேயிடமே இருந்தன, மற்றவை பகிரப்பட்டன.

செராம்பூரின் சனிக்கிழமை மாலை

நம் நாட்டின் மிஷனரி வரலாறும் இதையே போதிக்கிறது. வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்தார். 1794-இல் மகன் பீட்டர் மரித்தான். மனைவி தொரத்தி மனநோய்க்கு ஆளானார். மட்னாபட்டியில் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்துக்கொண்டே அவர் மொழி கற்றார், வேதத்தை மொழிபெயர்த்தார், பிரசங்கித்தார். ஆறு ஆண்டுகள் கடந்தும் ஒரு இந்தியர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை.

1800 ஜனவரியில் கேரி செராம்பூருக்குச் சென்று ஜோஷுவா மார்ஷ்மேன், வில்லியம் வார்டு என்பவர்களோடும் மற்ற மிஷனரிகளோடும் ஒரே குடும்பமாய் வாழத் தொடங்கினார். ஒருவர் மொழிபெயர்ப்பாளர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் அச்சுத் தொழில் அறிந்தவர். அவர்கள் வகுத்த ஒழுங்குகளுள் ஒன்றைக் கவனியுங்கள். தங்களுக்குள் எழுந்த மனத்தாங்கல்களைத் தீர்த்து, அன்பை மீண்டும் உறுதிசெய்துகொள்ள ஒவ்வொரு சனிக்கிழமை மாலையையும் ஒதுக்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 28-இல் தச்சரான கிருஷ்ண பால் ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றார். 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பற்றி, கேரியின் பல ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானபோது அவர் கல்கத்தாவில் இருந்தார். அந்தச் செய்தியை அவரிடம் நேரில் கொண்டுபோனவர் மார்ஷ்மேன். கசப்பான செய்தி நண்பர் ஒருவர் வாயிலாக வந்தது. சேர்ந்தே நின்று, எரிந்த பணியை மீண்டும் தொடங்கினார்கள்.

செய்யவேண்டியவை

1. உங்கள் பகுதியில் வேறொரு சபையின் போதகர் ஒருவரை நண்பராக்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறையாவது அரைநாள் சந்தியுங்கள். தூரமானால் தொலைபேசியில் பேசுங்கள். ஆராதனைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒப்பிட வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லி, ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள். கேட்டவை வெளியே போகக்கூடாது.

2. ஞாயிறு உங்களுக்கு வேலைநாள். ஆகவே வாரத்தில் வேறொரு நாளை ஓய்வுக்கு ஒதுக்கி, அதைச் சபைக்கு அறிவியுங்கள். பல வாரங்கள் தூக்கமில்லாமற்போனாலோ, சாவைப் பற்றிய எண்ணம் வந்தாலோ, உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாமல் மருத்துவரைப் பாருங்கள். எலியாவின் சரீரத்தைக் கவனித்த தேவன் உங்கள் சரீரத்தையும் அற்பமாய் எண்ணுவதில்லை.

3. நீங்கள் செய்யும் வேலைகளை எழுதிப்பாருங்கள். அவற்றில் இரண்டையாவது தகுதியான விசுவாசிகளுக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படையுங்கள். காணிக்கையை இருவர் எண்ணிக் கையெழுத்திடட்டும். அது சபைக்கும் நல்லது, உங்களுக்கும் பாதுகாப்பு.

4. பிரசங்கத்துக்காக அல்லாமல், உங்கள் ஆத்துமாவுக்காக வேதத்தை வாசியுங்கள். ஆடுகளுக்குத் தீவனம் தேடுகிற மேய்ப்பரும் ஆண்டவருடைய மந்தையில் ஓர் ஆடுதான்.

5. உங்கள் மனைவி என்ன பாரம் சுமக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதிருங்கள். பிள்ளைகள் ஊழியத்தை வெறுக்காதபடிக்கு, அவர்களுக்கு வாக்களித்த நேரத்தைச் சபைக்கு வாக்களித்த நேரத்தைப்போலவே காத்துக்கொள்ளுங்கள்.

சபை மூப்பர்களே, இந்தப் பக்கத்தை நீங்களும் வாசித்தால், உங்கள் போதகரிடம் ஜெபக்குறிப்பு கொடுக்கப் போகும்போது அவருடைய ஜெபக்குறிப்பையும் கேட்டு வாருங்கள். பல ஆண்டுகளாக அவரிடம் யாரும் அதைக் கேளாமல் இருந்திருக்கலாம்.

பிரியமானவர்களே, கெத்செமனேயில் நம் ஆண்டவரும் மூவரைத் தம்மோடு விழித்திருக்கும்படி வேண்டினார் (மத்தேயு 26). துணை தேடுவது பெலவீனமானால் அவர் அதைத் தேடியிருக்கமாட்டார். அந்த மூவரும் தூங்கிவிட்டார்கள். ஆகையால் நண்பர்களும் கைவிட்ட இரவு எப்படிப்பட்டது என்பதை அவர் அறிவார். இன்று உங்களுக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிற அந்தப் பிரதான மேய்ப்பர் தூங்குகிறதில்லை. இந்த வாரத்திலேயே ஒரு உடன் ஊழியரை அழைத்துப் பேசுங்கள். ஒருவேளை அவரும் உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கலாம்.

கர்த்தர்தாமே உங்கள் கைகளைத் திடப்படுத்துவாராக. ஆமென்.