பெயரும் பிறப்பும்

செகந்திராபாத்தில் ஒரு குழந்தையைப் பள்ளியிற் சேர்க்கச் சென்றால், தெலுங்கரிடம் ‘இண்டிப்பேரு’ யாதென்று கேட்பர். தமிழரோ தந்தையின் தலைப்பெழுத்தைக் கூறுவர். மணத்திற்குப் புறத்தே பிறந்த குழந்தை ஆங்கு என்ன விடை பகரும்? அதன் தாய் தலைகுனிந்து நிற்பது எவர் குற்றத்திற்காக?

இதனை அடுத்த வழக்கொன்று ஹைதராபாத்திலிருந்த ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. கணவனை இழந்து மறுமணம் புரிந்த தாயொருவர், தம் மகனுக்கு இரண்டாம் கணவரின் குடும்பப்பெயரை இட்டிருந்தார். இறந்த தந்தையின் குடும்பப்பெயரையே மீண்டும் இடுமாறும், ஆவணங்களில் அத்தந்தையின் பெயரைக் காட்ட இயலாவிடில் இரண்டாம் கணவரை மாற்றாந்தந்தை என்று குறிக்குமாறும் அந்நீதிமன்றம் பணித்தது. 2022 ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம் இக்கட்டளையை நீக்கியது. அத்தகைய குறிப்பு பிள்ளையின் உள்ளத்தைப் புண்படுத்தும் என்றும், ஒரே இயற்கைக் காப்பாளராகிய தாய்க்கே குடும்பப்பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உண்டென்றும் கூறிற்று.

அது மணத்திற் பிறந்த பிள்ளை. புறத்தே பிறந்த பிள்ளைக்கோ, பௌத்தராகிய நமக்கும் பொருந்தும் 1956ஆம் ஆண்டின் இந்துக் காப்பாளர் சட்டம், தாயையே முதற் காப்பாளராக வைத்துள்ளது. தந்தை அவளுக்குப் பின்னரே. 2015 ஜூலை 6 அன்று, மணமாகாத தாய் காப்பாளராவதற்குத் தந்தையின் பெயரை வெளியிட வேண்டுவதில்லை என்றும், அவள் உறுதிமொழி அளித்தால் பிறப்புச் சான்றிதழ் வழங்கவேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதனால் ஆடவன் தப்பிவிடுவானே என்பர் சிலர். பெயர் வேறு, கடமை வேறு. மணவழிப் பிறவாத குழந்தைக்கும் தந்தை வாழ்க்கைப்பொருள் அளிக்கவேண்டும் என்பதே சட்டம். தந்தை யாரென அறிய விரும்பும் பிள்ளைக்கு அதனை மறைப்பதும் முறையன்று.

வேறு சிலர், இது அக்குழந்தையின் பழவினை என்பர். இக்கூற்றையே நாம் அஞ்சவேண்டும். செய்த செயல் செய்தவரையே சாரும். பிறந்தது குழந்தை செய்த செயலன்று. பழவினை என்று சொல்லி நாம் இழைக்கும் இகழ்ச்சி நம்முடைய புதுவினையாகும்.

மணிமேகலை மணத்திற் பிறந்தவளல்லள். ஆயினும் கோவலன், தன் முன்னோனைக் கடலிற் காத்த தெய்வத்தின் பெயரையே அவளுக்கு இட்டான். மாதவியோ தான் பெற்றவளைக் கண்ணகியின் மகள் என்று போற்றினாள். அவளைப் போற்றும் நாம், நம் தெருவில் அவள்போற் பிறந்த குழந்தையிடம் ‘உன் தந்தை யார்?’ என்று ஏளனமாய்க் கேட்கலாமா? அதன் பெயரை மட்டும் கேட்போம். அது சொல்லும் பெயரால் அன்புடன் அழைப்போம்.