மலடி என்னும் சொல்லும் புருஷனின் பரிசோதனையும்

விவாகமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லையென்றால், குளுவாங் பக்கத்துத் தோட்டமாயினும் ஜொகூர் பாரு பட்டணமாயினும், நம்மவர் முதலில் நோக்குவது பெண்ணைத்தான். விரதமிருப்பவள் அவள், அரசமரத்தைச் சுற்றுகிறவள் அவள், வளைகாப்பு வீட்டில் ஒதுங்கி நிற்கிறவளும் அவளே. மலடன் என்றொரு சொல்லும் தமிழில் உண்டு. அதை ஒரு புருஷனின் முகத்துக்கெதிரே எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா? அகராதியிலே தூங்குகிறது அச்சொல்!

இவ்வநீதி வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. முன்னாளில் இந்நாட்டு இந்துக்களிடையே இரண்டாந்தாரம் கொள்ள வழக்கத்தில் தடையில்லை. 1976-இல் இயற்றப்பட்ட விவாக, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ந் தேதி அமுலுக்கு வந்த பின்னரே முஸ்லிமல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது உறுதியாயிற்று. அதற்குமுன், பிள்ளையில்லை என்பது இளையாளைக் கொணரப் போதிய நியாயம். இளையாளுக்கும் பிறக்காவிடின்? அவளும் மலடியே!

வைத்தியம் சொல்வது வேறு. பிள்ளைப்பேறற்ற தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்துப் புருஷன் பக்கத்திலும் குறை உண்டு. வயது வந்தபின் கண்ட பொன்னுக்குவீங்கி முதலாகக் காரணங்கள் பல. சிலருக்கு அது மரபணுவிலேயே அமைந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது ஒய் குரோமோசோம். விந்தணு உண்டாவதற்கான கட்டளைகள் சில அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு துண்டு விடுபட்டால் விந்தணு குன்றும். அல்லது அடியோடு இராது. ஹைதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தார் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விந்தணுவே இல்லாத 340 இந்திய ஆண்களைச் சோதித்து, 29 பேரிடம் அத்துண்டு விடுபட்டிருக்கக் கண்டனர். எக்ஸ் குரோமோசோம் ஒன்று மிகுந்து பிறந்தோரும் உளர். அதை விரிப்பின் பெருகும்.

ஒய் துண்டு விடுபட்டவர் பார்வைக்கும் உழைப்புக்கும் இல்லற இன்பத்துக்கும் மற்றவரைப் போன்றவரே. ஆண்மை வேறு, விந்தணு வேறு. நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பாராமல் இதனை எவரும் அறிய முடியாது. அதுவும் பெரும்பாலும் தகப்பனிடம் இல்லாது மகனிடம் புதிதாக நேரும் பிழை. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் ஒரு வரியை விட்டுவிடுவது போல. இதில் முன்னோர் சாபமேது? நாகதோஷமேது?

அப்படியாயின், குற்றத்தை மனைவியின் தலையினின்றும் இறக்கிக் கணவன் தலையில் ஏற்றுவதோ நீதி? அன்று. பிறவியில் அமைந்ததற்கு எவனும் பொறுப்பாளியல்லன். அறியாதிருக்கும் உரிமை அவனுக்குண்டா என்பதே வினா. தன் உடம்பு மட்டும் சம்பந்தப்பட்டதாயின் உண்டு எனலாம். அவனுடைய அறியாமைக்காக இன்னொருத்தி வசவு கேட்கும்போது அவ்வுரிமை எங்ஙனம் நிற்கும்? அவளுக்கு ஊசி, ஸ்கேன், சில வேளை சத்திர சிகிச்சை. அவனுக்குத் தொடக்கத்தில் வேண்டுவது ஒரு விந்துப் பரிசோதனை. அதற்கே, "எனக்கென்ன குறை?" என்று மீசையை முறுக்குவதை நான் வீரமென்று கொள்ளேன்.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. ஒற்றை விந்தணுவை ஊசியால் சினைமுட்டைக்குள் செலுத்திக் கருவுண்டாக்கும் முறையைப் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வைத்தியர்கள் 1992-இல் அறிவித்தனர். துண்டு விடுபட்டவரில் சிலருக்கு இதனால் பிள்ளை பிறக்கிறது. பெண்ணாயின் அக்குறை செல்லாது, ஆணாயின் செல்லும். வமிசம் விளங்க ஆண்பிள்ளையே வேண்டுமென்று தவங்கிடப்போர் இதனைச் சிந்திப்பாராக: தகப்பன் வழி என்று அவர் போற்றுகின்ற அவ்வழியிலேதான் அக்குறை நடந்து வருகிறது! ஆகையால் பெறாதிருப்பதே தருமம் என்பர் சிலர். எனக்கு அது ஒப்பவில்லை. மகனுக்கு வருவது உயிர்வாதையன்று. தகப்பன் வாழ்ந்த வாழ்வை அவனும் வாழலாம். ஆயினும், வயது வந்தவுடன் அவனுக்குச் செய்தியை ஒளியாமற் சொல்லுதல் தகப்பன் கடன். அவன் விவாகம் பேசும்போது பெண் வீட்டாரிடமும் சொல்லவேண்டுமோ என்று கேட்பீர்கள். பெண்ணிடம் சொல்லவேண்டும்; பெண் வீட்டாரிடம் சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம்.