அழைத்தாலன்றி நுழையாதது

ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் குச்சனூருக்குச் செல்லும் சாலைகள் மக்கள் வெள்ளத்தால் நிறைந்துவிடுகின்றன. சுரபி நதியில் நீராடி, எள் விளக்கேற்றி, காகத்துக்குச் சோறிட்டு, சுயம்பு எனப் போற்றப்படும் சனீசுவரர் முன் நிற்கும் அக்கூட்டத்தை, இதே பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் தலைமுறைகளாக வாழும் கிறித்தவர்களும் கண்டே வந்திருக்கிறோம். சனி பகவான் எவருக்கும் பகைவர் அல்லர், அவரவர் வினையை நிறுத்து அளப்பவர் என்பது அங்கே வருவோரின் நம்பிக்கை. அவர்களது வழிபாட்டு நெறி வேறு, நமது நெறி வேறு. ஆயினும் அந்த அச்சத்தில் ஒரு நேர்மை இருப்பதை நாம் மறுப்பதற்கில்லை. 'நான் என்ன செய்தேன்?' என்று அது மனிதனைக் கேட்க வைக்கிறது.

இம்மண்ணில் வேறோர் அச்சமும் உண்டு. இரத்தக் காட்டேரியின் பெயரைச் சொல்லித்தான் நம் பாட்டிமார் அழுத பிள்ளைகளை அடக்கினார்கள். கூடாரக் கொட்டகைகளில் பேய்ப் படம் பார்த்துவிட்டு, இரவில் புளியந்தோப்பைக் கடக்க அஞ்சி, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நம்முள் பலர். இந்த அச்சம் நம்மை எதுவும் கேட்பதில்லை. தீமை வெளியே இருக்கிறது, நான் வெறும் இரை என்று அது நமக்குச் சொல்லித் தருகிறது. அது உண்மையா? தீமை இயங்கும் முறையைக் கண்டுகொண்டால் அதன் பிடியிலிருந்து மனிதன் விடுபடுவானா?

இக்கேள்விகளை எழுப்பும் திரைப்படம் ஒன்று ஸ்பெயின் நாட்டில் 1970-ஆம் ஆண்டு உருவாயிற்று. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலைத் தழுவி ஹெசூஸ் ஃபிராங்கோ என்னும் இயக்குநர் அப்போது ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டோபர் லீ அதில் டிராகுலாவாக நடித்தார். அப்படப்பிடிப்புத் தளத்துக்குள் இன்னொரு சிறு குழு தன் ஒளிப்படக் கருவியோடு புகுந்தது. கத்தலோனியரான பெரே போர்ட்டபெல்லா அதன் தலைவர். அவர்கள் எடுத்த படத்தின் பெயர் 'குவாதெகுக், வாம்பீர்'. 'குவாதெகுக்' என்ற கத்தலான் சொல்லுக்குப் புழுவின் வால் என்பது பொருள். படச்சுருளின் முடிவில் ஒளிபடாமல் எஞ்சும் துண்டையும் அச்சொல் குறிக்கும். பெரிய படத்தின் மிச்சத்தில் பிறந்த இந்தச் சிறிய படத்துக்கு அப்பெயர் பொருத்தமே.

படம் கறுப்பு வெள்ளையில் அமைந்தது. இறுதிக் காட்சி வரை அதில் ஓர் உரையாடலும் நம் காதில் விழுவதில்லை. பழைய ஊமைப் படம் ஒன்று சிதைந்த நிலையில் நமக்குக் கிடைத்தது போன்ற தோற்றம். டிராகுலாவின் கதை ஒருபுறம் நகர, அதைச் செய்து காட்டும் தொழிலும் மறுபுறம் தெரிந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் கருவியால் செயற்கைச் சிலந்தி வலையைப் பீய்ச்சுகிறார். புகை எங்கிருந்து வருகிறது என்பது தெரிகிறது. பிணமாகக் கிடக்க வேண்டியவர்கள் காட்சிகளின் இடையே நகைக்கிறார்கள்.

சூத்திரம் இவ்வாறு வெளிப்பட்டபின் அச்சம் அகன்றுவிட வேண்டுமன்றோ? ஆனால் அகலவில்லை. ஏன்?

அந்தத் தளத்தின் சுவர்களுக்கு வெளியே இருந்ததை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. உள்நாட்டுப் போரில் 1939-இல் வென்ற படைத்தலைவர் ஃபிரான்சிஸ்கோ ஃபிராங்கோ, 1975-இல் இறக்கும் வரை அந்நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்தார். முதுமை எய்தியும் நீங்காத, பிறர் உயிரை உண்டு நிலைக்கும் ஓர் ஆட்சியின் உருவகமாகவே இந்த டிராகுலாவைப் பலர் கண்டனர். 1972-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் போர்ட்டபெல்லாவின் படங்கள் காட்டப்பட்டபோது அவரால் அங்குச் செல்ல இயலவில்லை. அவரது கடவுச்சீட்டை அரசு தர மறுத்திருந்தது.

இவ்விடத்தில் கத்தோலிக்கராகிய நாம் எளிதில் கடந்து சென்றுவிடலாகாது. அந்த ஆட்சிக்கு அரணாக நின்றவற்றுள் நம் திருச்சபையும் ஒன்று. 1953-இல் வத்திக்கானுக்கும் அவ்வரசுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. போர்ட்டபெல்லா தயாரிப்பில் பங்கேற்று, லூயிஸ் புனுவல் இயக்கிய 'விரிதியானா' 1961-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றபோது, அதை வத்திக்கான் நாளேடு கண்டித்தது. ஸ்பெயின் அரசு அப்படத்தைத் தடைசெய்தது. 1977 வரை அந்நாட்டு மக்கள் அதைக் காண முடியவில்லை.

எனினும் அதே திருச்சபையின் இன்னொரு கதவு திறந்தும் இருந்தது. 1970 டிசம்பரில், பூர்கோஸ் நகர இராணுவ நீதிமன்றத்தில் பாஸ்க் போராளிகள் மரண தண்டனையை எதிர்நோக்கி நின்றபோது, ஏறத்தாழ 300 எழுத்தாளரும் கலைஞரும் மொன்செராத் மலையிலுள்ள ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் கூடி எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அவர்களுள் போர்ட்டபெல்லாவும் ஒருவர். துறவியர் அவர்களுக்கு இடம் அளித்தனர். மறு ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயின் ஆயர்களும் குருக்களும் கூடிய பேரவையில், உள்நாட்டுப் போரில் ஒப்புரவின் ஊழியராய் நடந்துகொள்ளாமைக்காக மன்னிப்பு வேண்டும் தீர்மானம் ஒன்று முன்வைக்கப்பட்டது. பெரும்பான்மையோர் அதை ஆதரித்தனர். ஆயினும் தேவைப்பட்ட மூன்றில் இரு பங்கு வாக்குகள் கிட்டவில்லை. உண்மை தெரிந்திருந்தது, அதை ஒரு குரலாய்ச் சொல்வதுதான் கடினமாயிற்று.

ஆகவே, தீமையின் சூத்திரத்தை அறிவது மட்டும் போதாது. படத்தில் சிலந்தி வலை பீய்ச்சும் தொழிலாளிக்கு அது பொய் வலை என்பது நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் பீய்ச்சுகிறார், அது அவர் பிழைப்பு. அவரை நாம் குறை கூறவில்லை. நமது பள்ளத்தாக்கை எண்ணிப் பார்ப்போம். வட்டிக்கு வட்டி ஏறி, வயலும் நகையும் போய், உயிரையே மாய்த்துக்கொள்ளும் குடும்பங்களைத் தமிழகம் எங்கும் காண்கிறோம். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டது. வெற்றுத் தாளில் வாங்கப்படும் கையொப்பம், வாசலில் வந்து நின்று பேசும் இழிசொல், எதுதான் நமக்குத் தெரியாது? இரத்தம் உறிஞ்சுவது காட்டேரி அன்று என்பதை ஊரே அறியும். ஆனால் திருவிழாவுக்கு நன்கொடை தருபவரும் அவராகவே இருக்கும்போது ஊர் வாய் மூடிக்கொள்கிறது.

ஸ்டோக்கரின் நாவலில் ஒரு விதி உண்டு. வீட்டார் ஒருவரேனும் முதலில் அழைத்தாலன்றி, இரத்தம் குடிப்பவன் அவ்வீட்டினுள் நுழைய இயலாது. வெறுங்கதைதான், ஆனால் அறநூலுக்குரிய நுட்பம் அதில் இருக்கிறது. தீமை எங்கிருந்து வந்தாலும் அது நிலைகொள்வதற்கு நம்மில் யாரோ ஒருவரின் இசைவு தேவைப்படுகிறது. பெரும்பாலும் மௌனமே அந்த இசைவாக அமைகிறது. கடன்பட்டு நொந்தவரையும், ஆட்சியின் கீழ் நசுங்கியவரையும் நோக்கி 'நீயே அழைத்தாய்' என்று சொல்வது கொடுமை. கேள்வி அவர்களுக்கு உரியதன்று. அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நமக்கே உரியது.

லூசியாக நடித்த சோலேதாத் மிராண்டாவை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. படப்பிடிப்பு முடிந்து சில மாதங்களில், 1970 ஆகஸ்டில், போர்த்துகல் நாட்டுச் சாலை விபத்து ஒன்றில் அவர் இறந்தார். வயது 27. பொய்ச் சவப்பெட்டியின் அருகே அவர் நடமாடும் காட்சிகளை இன்று காணும்போது, பொய் மரணத்துக்குப் பின்னால் மெய்யான மரணம் நிற்பது தெரிகிறது. சாவைப் பூச்சாண்டியாக்கி விளையாடும் நமக்கும் நாள் குறிக்கப்பட்டே இருக்கிறது. சாவாமல் இருக்கப் பிறர் உயிரை உண்பவன் டிராகுலா. பிறர் வாழத் தம் உயிரையே கொடுத்தவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்பவர்கள் நாம்.

படத்தின் முடிவில் ஒப்பனை அறையில் கிறிஸ்டோபர் லீ அமர்ந்திருக்கிறார். அதுவரை பேசாதிருந்த படம் அப்போதுதான் வாய் திறக்கிறது. நாவலை எடுத்து, டிராகுலா மடியும் பகுதியை அவர் தம் குரலில் வாசிக்கிறார். புகை இல்லை, வலை இல்லை, ஒரு மனிதக் குரல் மட்டுமே. இருளில் இருந்ததைப் பெயர் சொல்லி ஒலிக்கச் செய்யும்போதே அதன் முடிவு தொடங்குகிறது எனலாம். ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் முழங்காலிட்டுப் பாவத்தைப் பொதுவாக அன்றிப் பெயர் சொல்லி அறிக்கையிடுவதும் இதனால்தான் போலும்.

அடுத்த முறை குச்சனூர்ச் சாலையில் எள் விளக்கு ஏந்திச் செல்லும் கூட்டத்தைக் காணும்போது, 'மூடப் பயம்' என்று சொல்லி நகராமல் சற்றே நிற்போம். 'நான் என்ன செய்தேன்?' என்று அவர்களுள் ஒருவரேனும் கேட்டிருப்பார். நாம் கேட்டிருக்கிறோமா?