மறதியுற்ற உபாசகரின் சரணம்



திரிசரணத்தை நாள்தோறும் ஓதிவந்த ஒருவர் முதுமையில் அதனை மறந்துவிடின், அவர் கொண்ட சரணமும் அழிந்துபோகுமோ? பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலாயினும், தேவிகுளம் பீருமேட்டுத் தோட்டங்களிலாயினும், மறதியுற்ற முதியவர் உள்ள இல்லத்தில் இவ்வையம் எழுதல் இயல்பே. அயலாரோ "முன்வினை" என ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவர்.

நோயின் தன்மையை முதலில் அறிவோம். நெடுங்காலம் அடங்காத இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகையிலையும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்து அடைக்கின்றன. இரத்தம் எட்டாத பகுதி மடிகின்றது. சிலபோது அது பக்கவாதமாக வெளிப்படும். பலபோது ஒருவரும் அறியாமலே நிகழும். ஆதலின் அறிவானது படியிறங்குவதுபோலத் திடீரெனக் குறைந்து, சில மாதம் நின்று, மீண்டும் குறைவதுண்டு. நினைவு கெடுமுன்பே நடை தளரலாம், சிந்தை மந்தமாகலாம். இடுக்கிக்கு மேற்கே எறணாகுளம் மாவட்டத்துத் திருவாணியூரில், அறுபது வயது கடந்தோரை வீடுவீடாக ஆராய்ந்து 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஆயிரவருள் முப்பதுக்கு மேற்பட்டோரிடம் அறிவுத்தேய்வைக் கண்டது. அவருள் 58 விழுக்காட்டினர்க்கு இரத்தக்குழாய்க் கேடே காரணம்.

துன்பமனைத்தும் முன்வினையே என்னும் கொள்கையைப் பகவன் புத்தர் ஏற்றாரல்லர். சீவகன் என்னும் பரிவிராசகனுக்கு (இவன் மருத்துவனாகிய சீவகன் அல்லன்) வாதம், பித்தம், சிலேத்துமம், பருவமாற்றம் முதலியவற்றாலும் நோவு தோன்றுமென விளக்கினார்.

சாக்கியராகிய மகாநாமருக்கு வேறோர் அச்சம். கபிலவஸ்துவின் நெரிசல் மிக்க வீதியில் யானைக்கும் தேருக்கும் ஒதுங்கிச் செல்லுங்கால் மும்மணிகளின் நினைவு உள்ளத்தினின்று நழுவுகின்றதே, அந்நேரம் உயிர் பிரிந்தால் தம் கதி யாது என்று கலங்கினார். அஞ்சவேண்டாவெனத் தேற்றிய பகவன், கிழக்கே சாய்ந்து வளர்ந்த மரம் வெட்டுண்டால் எப்பக்கம் விழுமென அவரையே வினவினார். நம் முதியவரின் மரமும் என்றோ சாய்ந்துவிட்டது. வாய்பாடு மறந்தமையால் அது திரும்பிவிடாது.

எஞ்சியிருப்பது நம் கடமை. தன் மலத்திலேயே கிடந்த பிக்குவை ஆனந்தரோடு சேர்ந்து கழுவிய கைகள் பகவனுடையவை. "நான் யார், சொல்லும்" என்று முதியவரைச் சோதித்து நாணச் செய்யாதீர். அருகமர்ந்து நீரே சரணம் ஓதுமின். மருத்துவர் தந்த மாத்திரை ஒருநாளும் தவறவேண்டா. இழந்த அறிவு பெரும்பாலும் மீளாதெனினும், அடுத்த படி இறங்குவதைத் தாமதப்படுத்தலாம். மக்களும் தத்தம் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்க. கள்ளுக்குப் பேர்பெற்ற சித்தூர்ப் பக்கத்தார்க்கு ஐந்தாம் சீலத்தை யான் தனியே விளக்கவேண்டுமோ!

திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்க. அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்படவேண்டும். மலைப்பாதையோ அதிற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எண்ணெய் தேய்த்து விடியட்டுமெனக் காத்திருத்தல் ஆகாது.